ரீகாவிலிருந்து நைனாவுக்கு

ரீகா, லாட்வியா,
டிசம்பர் 14

அன்புள்ள நைனாவுக்கு,

நீங்கள் சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதிய கடிதம் கிடைத்து இருபது நாளாகிறது. "ஆடி மாசத்துல இருந்து ஒரு வரி இல்ல" என்று நீங்கள் சொன்னதை அவள் அப்படியே எழுதியிருந்தாள். தப்பு என்மேல்தான். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. தங்கச்சி, இதை நிறுத்தி நிறுத்திச் சத்தமாகப் படி.

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே இப்போது ஒன்பது மணிக்குத்தான் விடிகிறது, மூணே முக்காலுக்கு இருட்டிவிடுகிறது. அம்மா கொடுத்த கம்பளிக்குல்லாவைத் தூங்கும்போதும் கழற்றுவதில்லை. கறுப்பு ரொட்டி புளிப்பாக இருக்கும், பழகிவிட்டது. கூட முட்டை. இந்த ஊர் மார்க்கெட்டைக் கேட்டால் அசந்துபோவீர்கள். வாயு நிரப்பிப் பறக்கும் ஆகாயக்கப்பல் நிறுத்த ஜெர்மன்காரர்கள் போட்ட கொட்டகைகளின் இரும்புச் சட்டங்களை எடுத்துவந்து, ஐந்து பெரிய கூடங்கள் கட்டி, 1930-ல் திறந்தார்களாம். அதில் ஒன்று மீனுக்கு. நெத்திலியைவிடக் கொஞ்சம் பெரிய மீனைப் புகைபோட்டு அடுக்கியிருப்பார்கள். நான் வாங்குவதில்லை. காசிமேட்டு நினைப்பில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடுவேன்.

கீழ்வீட்டில் ஒரு பாட்டி. பனி விழுந்த மறுநாள் கம்பளத்தைப் பனிமேல் குப்புறப் போட்டுக் கழியால் அடிப்பார், அழுக்கெல்லாம் பனியில் இறங்கிவிடும். நான் ஒரு முனையைப் பிடிப்பேன். பேச எங்களுக்கு ஒரு பாஷை கிடையாது. ஒருநாள் என் மோவாயைப் பிடித்துத் தூக்கி, எங்கள் வாசலுக்கு மேலே காட்டினார். சாந்தில் செய்த ஒரு பெண்முகம். கூந்தல் கொடியாக ஓடி ஜன்னல் ஓரத்தில் போய்ச் சேர்கிறது. நாலு மாதமாக அதன் கீழேதான் போய்வந்திருக்கிறேன். அன்றிலிருந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டேதான் நடக்கிறேன், வேலைக்காக ஊர் முழுக்கச் சைக்கிளில் சுற்றுவதும் வசதியாகிவிட்டது.

நைனா, இந்த ஊரே உங்கள் கொத்தனார் தொழில்தான். நகரத்தின் நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு கட்டிடம் இந்த மாதிரி. ஆர்ட் நூவோ என்று பெயர். கிரேக்கத் தூணையும் பழைய கோபுரத்தையும் திரும்பத் திரும்பக் காப்பியடித்தது போதும், செடி கொடி, அலை, கூந்தல் இதிலிருந்து புதுசாகச் செய்வோம் என்று 1890-களில் ஐரோப்பா முழுக்கக் கிளம்பியிருக்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் வைத்த பெயருக்கு இளமை பாணி என்று அர்த்தம். 1896-ல் ம்யூனிக்கில் தொடங்கிய ஒரு பத்திரிகையிலிருந்து வந்த பெயர். ரீகாவில் அதற்கு முப்பது வருஷம் முன்பே கோட்டை மதிலை இடித்திருந்தார்கள், ஊர் வெளியே பரவியது, கையில் காசும் இருந்தது.

ஆல்பர்ட்டா தெரு என்று ஒன்று. அதில் பாதி வீடுகள் மிகயில் ஐசென்ஸ்டைன் என்ற இன்ஜினியர் போட்டவை, ரஷ்யாவில் சினிமா எடுத்த டைரக்டர் ஐசென்ஸ்டைனின் அப்பா. சிங்கம், அலறுகிற முகம், மயில், எதையும் விடவில்லை. 2ஏ எண் வீட்டில் முன்சுவரைக் கூரைக்கும் மேலே ஏற்றி அதில் ஜன்னல் வைத்திருக்கிறார், பின்னால் அறையே இல்லை, ஆகாயம்தான் தெரிகிறது. ஒரு கொத்தனாரிடம் இதைச் சொன்னால் திட்டுவார் என்று தெரியும். ஆனாலும் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. குடியிருக்கச் சொன்னால் அதே தெருவின் 11-ஆம் எண்ணைக் கேட்பேன். எய்ஜென்ஸ் லாவ்பே என்ற இந்த ஊர்க் கட்டிடக்கலைஞர் 1908-ல் கட்டியது. முகமும் மயிலும் இல்லை, சரிவான கூரை, கல், இந்த ஊர்க்காரர்களின் சொந்தக் கோலங்கள். நம்முடையதையும் வைத்துப் புதுசு செய்யலாம் என்று காட்டிவிட்டார்.

அக்டோபரில் ஒரு தெருவில் சாரம் கட்டிப் பழைய முன்சுவரைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியில் நனைத்த சுண்ணாம்பு. அந்த வாசனை, நைனா. சாயங்காலம் நீங்கள் வீட்டுக்கு வந்ததும் லுங்கியில் வருமே, அதே வாசனை. சைக்கிளை நிறுத்திவிட்டேன். போகவேண்டிய இடத்துக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் போகப் பிடிக்கவில்லை. அங்கே நின்று அழுதேன், அம்மாவிடம் சொல்லவேண்டாம்.

அப்புறம்தான் நம் வீட்டை நினைத்தேன். தேக்குக் கட்டைமேல் சின்னச் செங்கலைக் குத்தாக நிறுத்திக் குறுக்கே வரிவரியாக அடுக்கிய அந்தக் கூரை, தாத்தா காலத்துக் கடுக்காய்ச் சாந்து, நீங்கள் திரும்பப் பூசிய திண்ணைச் சுவர். ராயபுரம் ஸ்டேஷன் 1856-ல் கட்டியது, அதன் தூண்களுக்குக் கீழே எத்தனை தடவை மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன், ஒரு தடவைகூட மேலே பார்த்ததில்லை.

அதனால், நம் வீட்டைப் பில்டரிடம் கொடுத்து மூன்று மாடி கட்டலாம் என்று சித்தப்பா சொல்கிறாரே, அந்த விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாடி வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆயாவுக்கும் தங்கச்சிக்கும் இடம் வேண்டும். ஆனால் அட்வான்ஸ் வாங்கவேண்டாம், பவர் பத்திரத்தில் யாரும் கையெழுத்துப் போடவேண்டாம். முன்பக்கத்தை நிறுத்திப் பின்பக்கம் மட்டும் ஏற்ற முடியுமா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், உங்கள் சொல்லுக்குச் சித்தப்பா மறுபேச்சு பேசமாட்டார். கண் ஆபரேஷனைப் பொங்கலுக்குப் பிறகு என்று தள்ளாதீர்கள். இரண்டு மாதம் பணம் அனுப்பாததற்குக் காரணம் சம்பளத் தேதி மாறியதுதான், தை பிறந்ததும் சேர்த்து அனுப்புகிறேன். அதுவரை பெரியம்மாவிடம் சீட்டுப் பணம் கேளுங்கள், நானும் அவருக்கு எழுதுகிறேன்.

தங்கச்சி, திண்ணைத் தூணையும் நடு அறைக் கூரையையும் போட்டோ எடுத்து அனுப்பு. லைட்டைப் போட்டுவிட்டு எடு, செங்கல் வரி தெரியவேண்டும். நைனா பக்கத்தில் நிற்கட்டும்.

உங்கள் மகன்