அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

22.12.2025

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. குழந்தைகள் தின விழாவிலும் விளையாட்டு விழாவிலும் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். மூன்றாம் வகுப்புக்கு மேல் வாசிப்பில் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. எல்.கே.ஜி. பிள்ளைகளில் பெரும்பாலானோர் இப்போது அழாமல் வேனை விட்டு இறங்குகிறார்கள். ஒத்துழைத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஆர்.டி.இ. என்று நாம் சொல்லும் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகளில் ஏழை, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகள் கட்டணமின்றிப் படிக்கத் தரப்படும் 25 சதவீத ஒதுக்கீட்டுச் சேர்க்கை இந்த ஆண்டு வழக்கம்போல் கோடையில் நடக்கவில்லை. ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா கல்வித் திட்ட நிதி தொடர்பான இழுபறியில் தள்ளிப்போய், அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் பிள்ளைகள் ஜூனிலேயே கட்டணம் கட்டிச் சேர்ந்துவிட்டார்கள். ஏற்கெனவே சேர்ந்த பிள்ளைகளிலிருந்தே தகுதியானவர்களைத் தேர்வு செய்து, வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரச் சொன்னது அரசு. நாமும் அப்படியே கொடுத்தோம்.

அதன் பிறகு அலுவலகத்துக்கு நிறையக் கேள்விகள் வந்தன. "அவங்களுக்குக் கொடுத்தீங்களே, எங்களுக்கு ஏன் இல்லை?" என்பது முதல் கேள்வி. கேட்டதில் தவறே இல்லை. கை இறுக்கமாக இருக்கும் மாதத்தில் பக்கத்து வீட்டுக்குக் கட்டணம் திரும்பி வந்தால் யாருக்கும் கேட்கத் தோன்றும். இந்த ஒதுக்கீடு பள்ளி தரும் சலுகை அல்ல. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அது. 2012இல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்று சொல்லிவிட்டது. சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது என்றாலும், மழலையர் வகுப்பு நடத்தும் பள்ளிகளில் அந்த வகுப்பிலிருந்தே ஒதுக்கீடு உண்டு. அதனால்தான் எல்.கே.ஜி.யில் சேர்க்கிறோம். ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் மட்டுமல்ல, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்புக் குடும்பங்களும் விண்ணப்பிக்கலாம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். ஆகவே இந்தக் கடிதத்தைப் படிக்கும் உங்களில் பலருமே தகுதியுள்ளவர்கள்தான். தம்பி, தங்கையை அடுத்த ஆண்டு சேர்க்க இருப்பவர்கள் சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, பிறப்புச் சான்று ஆகியவற்றை இப்போதே தயார் செய்துகொள்ளுங்கள்.

"அப்படியானால் எங்கள் கட்டணத்தில்தான் அவர்கள் படிக்கிறார்களா?" இல்லை. தேர்வான ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசு பள்ளிக்குப் பணம் தருகிறது. அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகை, நம் பள்ளியின் கட்டணம், இந்த இரண்டில் எது குறைவோ அது. உங்கள் கட்டணத்தை அரசு அமைத்த கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. ஒதுக்கீட்டைக் காரணம் காட்டி அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட நாங்கள் கேட்க முடியாது. அரசுத் தொகை உடனே கைக்கு வருவதில்லை, சில ஆண்டுகளில் மிகவும் தாமதமாகும் என்பதும் உண்மை. அதுவரை ஆசிரியைகளுக்கும் ஆயாம்மாக்களுக்கும் சம்பளம் கொடுக்க நிர்வாகம் திணறத்தான் செய்கிறது. அந்தச் சிரமம் எங்களுடையது. அதைப் பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது.

அடுத்ததை எழுத எனக்கு வருத்தமாக இருக்கிறது. தேர்வானவர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது நடைமுறை, ஒட்டினோம். அதை யாரோ படம் பிடித்து, "ஃப்ரீ பிள்ளைகள்" என்று எழுதி, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் வகுப்பு மிஸ்ஸிடம் வந்து, தங்கள் பிள்ளையின் இடத்தை மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சிறுமி பக்கத்தில் இருந்தவளிடம், "நீ ஃப்ரீயா?" என்று கேட்டாள். அவளுக்கு நாலு வயது. அந்த வார்த்தையை அவள் பள்ளியில் கற்றுக்கொள்ளவில்லை. கேட்கப்பட்ட பிள்ளைக்கு அது என்னவென்றே புரியாமல், "ஆமா" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த ஆயாம்மா என்னிடம் வந்து சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளைத் தனியே உட்கார வைப்பதைச் சட்டத்தின் விதிகளே தடுக்கின்றன. விதி இல்லாவிட்டாலும் நான் செய்ய மாட்டேன். இந்தக் காரணத்துக்காக யாருடைய இடமும் மாற்றப்படாது. அந்தப் படத்தை வைத்திருப்பவர்கள் இன்றே அழித்துவிடுங்கள். இனி ஒருமுறை பிள்ளைகளின் பெயர் அப்படி வெளியானால், போட்டவரை நேரில் அழைத்துப் பேசுவேன்.

உங்களில் பெரும்பாலானோருக்கு இதில் பங்கில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் படம் வந்ததும் "இது சரியில்லை, எடுத்துவிடுங்கள்" என்று குழுவிலேயே எழுதிய அம்மாக்கள் இருவருக்கும், திரும்பி வந்த பணத்தில் ஒரு பகுதியை வகுப்புக்கு வண்ணப் பென்சில் வாங்கக் கொடுக்க வந்த அப்பாவுக்கும் என் மனமார்ந்த நன்றி. (பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை, அந்த மனசு போதும்.) கட்டணம் கட்டச் சிரமப்படும் மற்ற பெற்றோர் தயங்காமல் என்னை வந்து பாருங்கள். தவணையாகக் கட்ட வழி செய்யலாம்.

பள்ளி ஜனவரி 5, திங்கட்கிழமை திறக்கிறது. காலையில் குளிர் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் போட்டு அனுப்புங்கள். உள்பக்கம் பெயர் எழுதிவிடுங்கள், எல்லாம் ஒரே நிறத்தில் இருப்பதால் மாறிப்போகிறது.

அன்புடன்,
தலைமையாசிரியை