பைத்தான் கீழ்வரம்பை அக்டோபரில் உயர்த்தாதீர்கள்: மதுரையிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்க் கணிமைக்கான பைத்தான் நிரல்மொழி லைப்ரரிகளை (பிறர் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளை) பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். மதுரை, மேலூர், உசிலம்பட்டி வட்டாரக் கல்லூரிகளில் கணினி ஆய்வகங்களைக் கவனித்துக்கொள்பவர்கள் எழுதுகிறோம். உங்கள் லைப்ரரி ஓடத் தேவையான குறைந்தபட்சப் பைத்தான் பதிப்பை உயர்த்துவதென்றால் மே மாதத்தில் உயர்த்துங்கள்.

பைத்தானின் புதுப் பதிப்பு அக்டோபரில் வருகிறது. ஐந்தாண்டு ஆன பதிப்புக்கு ஆதரவு முடிவதும் அதே மாதம்தான், 3.9-க்கு 2025 அக்டோபரில் முடிந்தது. இங்கே அது செமஸ்டரின் நடுப்பகுதி, செய்முறைத் தேர்வு நெருங்கும் நேரம். எல்லாக் கணினியையும் துடைத்துப் புதிதாக நிறுவ, சித்திரைத் திருவிழாவை ஒட்டிய கோடை விடுமுறையை விட்டால் வேறு நாள் கிடைப்பதில்லை.

அடுத்தது 3.10. அதன் ஆதரவு 2026 அக்டோபரில் முடிகிறது. ஆனால் 3.10-ஓடு வரும் உபுண்டு 22.04 இயங்குதளத்துக்கு 2027 வரை வழக்கமான ஆதரவு உண்டு. 2027 மே வரை 3.10-ஐ விட்டுவைத்தால் போதும். "புதுப் பைத்தானை நிறுவிக்கொள்ளலாமே" என்பீர்கள். தனியாக நிறுவலாம். ஆனால் அவசரத்தில் ஒரு மாணவர் உபுண்டு தானே நம்பியிருக்கும் பைத்தான்3 இணைப்பையே புதியதற்குத் திருப்பிவிட்டால், டெர்மினல்கூடத் திறக்காமல் போகும்.

தேவை இருந்தால் தாராளமாக உயர்த்துங்கள். முந்திரி (1/320), மாகாணி போன்ற தமிழ்ப் பின்னக் குறியீடுகள் 2019-இல் உலக எழுத்துகளுக்கான குறியீட்டுத் தரமான யூனிகோடின் 12-ஆம் பதிப்பில் சேர்ந்தன. பைத்தான் 3.7-இல் இருப்பது யூனிகோடு 11 அட்டவணை. அதனிடம் முந்திரியின் மதிப்பைக் கேட்டால் பிழைதான் வரும், 3.8 சரியாகச் சொல்லும். பின்னங்களைக் கையாளும் லைப்ரரி 3.8 கேட்பது நியாயம். நாலு இஃப் வரிகளில் முடிவதற்கு 3.10-இல் வந்த மேட்ச் கட்டளையை எழுத ஆசைப்பட்டு 3.10 கேட்பது எங்களுக்கு நியாயமாகப் படவில்லை.

உயர்த்தும் நாளில் அதிகம் சறுக்குவது எந்தப் பைத்தான் பதிப்பு தேவை என்று அமைப்புக் கோப்பில் சொல்லும் ரிக்வயர்ஸ்-பைத்தான் வரியில்தான். அது சரியாக இருந்தால், பழைய கணினியில் பிப் (லைப்ரரிகளை இறக்கி நிறுவும் கருவி) புது வெளியீட்டைத் தாண்டிப்போய்த் தனக்குப் பொருந்தும் பழையதை எடுத்துக்கொள்ளும். 3.10 கேட்கும் ஒரு லைப்ரரியின் 2.0 வெளியீட்டில் அந்த வரி இருந்து, அமைப்புக் கோப்பை மாற்றி எழுதும்போது 2.0.1-இல் விட்டுப்போனால், பைத்தான் 3.9 வைத்திருப்பவருக்கு 2.0.1 இறங்கும், இம்போர்ட் செய்ததும் சின்டாக்ஸ் எரர் வரும். வரியைச் சேர்த்து 2.0.2 வெளியிட்டாலும் அவருக்குத் தீராது: பிப் 2.0.2-ஐத் தாண்டி மறுபடி 2.0.1-இலேயே வந்து நிற்கும். 2.0.1-ஐ, பிப் லைப்ரரிகளை எடுக்கும் பைபிஐ தளத்தில் யாங்க் (பிப் தானாக எடுக்காதபடி விலக்கிவைத்தல்) செய்தே ஆக வேண்டும். வெளியிடுமுன் கீழ்வரம்புப் பதிப்பிலும், அதற்கு ஒரு படி கீழேயும் நிறுவிப் பாருங்கள். கீழே அந்தப் புது வெளியீட்டை நிறுவப் பிப் மறுக்க வேண்டும்.

விண்டோஸ் 7 கணினிகளுக்காக உங்களைப் பிடித்துவைக்க மாட்டோம். அதில் ஓடும் கடைசிப் பதிப்பு 3.8. அதற்குப் பொருந்தும் பழைய வெளியீட்டைப் பைபிஐயிலிருந்து நீக்காதீர்கள். அதன் எண்ணை அறிமுகக் கோப்பின் முதல் பத்தியிலேயே எழுதிவையுங்கள்.

அன்புடன்,
மதுரை வட்டார ஆய்வகப் பொறுப்பாளர்கள்