வந்தாறுமூலைக்குப் போன மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. வீட்டில் தைத்துக் கொண்டுபோன பாவாடை இடுப்பை இறுக்குகிறது, அதனால் மூன்று நாளாக இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டேன் என்றாய். பாவாடையைப் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டை விட்டேன் என்றாயே, அந்தச் சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது. உன் பெயரைப் போடாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன், கோபிக்காதே. திருக்கோவிலிலிருந்து கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு முதலாம் வருடம் படிக்கப் போன உன்னைப் போல, வாகரையிலிருந்தும் ஹற்றனிலிருந்தும் வந்து அங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் பலர். அவர்களும் படிக்கட்டும்.

குடும்பநல மருத்துவிச்சியாக நான் 19 வருடமாகச் செய்வது நிறை பார்க்கும் வேலை. தொங்கு தராசில் குழந்தை, நிற்கும் தராசில் தாய். முள் காட்டும் எண்ணை அட்டையில் எழுதிவிட்டு நான் கேட்கும் கேள்விகள் எப்போதும் ஒன்றுதான்: வீட்டில் யார் சமைக்கிறார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய், எத்தனை மணிக்குத் தூங்குகிறாய். நிறை கூடியதற்கோ குறைந்ததற்கோ காரணம் பெரும்பாலும் அந்தப் பதில்களுக்குள் இருக்கும். "நான் அதிகம் சாப்பிடுவதில்லை மிஸ்" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. நீயும் பொய் சொல்லவில்லை.

எனக்கும் ஒரு முதலாம் வருடம் இருந்தது. பயிற்சிக்காக வேறொரு ஊரில் விடுதியில் தங்கியிருந்தேன். காலை ஏழு மணிக்கு வார்ட்டில் நிற்கவேண்டும், ஆகவே காலையில் ஒரு பிளேன்டீ மட்டும். மதியம் சோற்றுப் பார்சல். பின்னேரம் ரோல்ஸ். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு பாணும் பருப்பும், பசி அடங்காவிட்டால் பிஸ்கட். 48 கிலோவாகப் போனவள் பத்து மாதத்தில் 55 ஆனேன். பயந்துபோய் இரண்டு வாரம் பட்டினி கிடந்தேன். ஒரு காலை வார்ட்டில் கண் இருட்டி, நோயாளியின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று மாலை பசி தாங்காமல் சாப்பிட்டதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. அதற்குப் பின் நிறை இன்னும் கூடியது. பழைய நிலைக்கு வர இரண்டு வருடம் பிடித்தது. நீ அந்த வழியில் ஓர் அடிகூட வைக்கக்கூடாது.

உன் நாளைப் பற்றி நீ சொன்னதை வைத்துப் பார்த்தேன். எட்டு மணிக்கு விரிவுரை, அதற்கு முன் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். ஒரு மணிக்குப் பார்சல். நாலு மணிக்குச் சிநேகிதிகளோடு ரோல்ஸும் பால் தேநீரும். ஒன்பது மணிக்குக் கொத்துரொட்டி, அது இரண்டு பேருக்குப் பங்கு. நீ குற்றம் சொல்வது கொத்துரொட்டியை. நான் குற்றம் சொல்வது அந்த இரண்டு பிஸ்கட்டை. காலையில் வயிற்றை ஏமாற்றியதற்கு அது இரவில் வட்டியோடு வாங்கிக்கொள்கிறது. காலைச் சாப்பாடு எல்லோருக்கும் நிறையைக் குறைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆய்வுகள் அப்படிக் காட்டவும் இல்லை. ஆனால் இப்படி அமைந்த ஒரு நாளில் இரவுப் பசிக்கு வேறு எங்கே போய்க் காரணம் தேடுவாய்?

அமெரிக்காவில் முதலாம் வருட மாணவர்களுக்கு 15 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 7 கிலோ, கூடும் என்று நெடுங்காலமாக ஒரு பேச்சு இருக்கிறது. 32 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015 இல் வெளிவந்தது. சராசரியாகக் கூடியது 1.36 கிலோ மட்டுமே. நூற்றில் அறுபது பேருக்கு நிறை கூடியிருந்தது. அவர்களை மட்டும் எடுத்தால் 3.4 கிலோ அளவு. மற்றவர்களுக்குக் கூடவில்லை, சிலருக்குக் குறைந்தும் இருந்தது. ஆகவே பல்கலைக்கழகம் போனால் உடம்பு வைத்தே தீரும் என்று தலைவிதியைப் போல நினைத்துக்கொள்ளாதே. மூன்று கிலோ கூடிவிட்டதென்று உலகம் கவிழ்ந்ததாகவும் நினைக்காதே.

இருந்தாலும் உன் விஷயத்தில் நான் கவனமாக இருக்கிறேன். காரணம் உன் அப்பப்பா, என் அப்பா. கடைசி நான்கு வருடம் அவருடைய காலுக்குக் கட்டுப் போட்டவள் நான். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, நம் குடும்பத்தில் இருக்கிறது. உன் அப்பாவுக்கும் 41 வயதில் வந்தது. நம்மைப் போன்ற தெற்காசியருக்குக் குறைந்த நிறையிலேயே இந்த நோய் வருகிறது. கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தரம் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி (BMI). அது 25 வரை சரி என்பது பொதுக் கணக்கு. ஆசிய மக்கள் 23 இலேயே கவனம் எடுக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்னது. உன் உயரம் 158 சென்ரிமீற்றர். 46 முதல் 57 கிலோ வரை உனக்கு நல்ல இடம். நீ இப்போது 54 என்றாய். அப்படியானால் நீ இன்னும் நல்ல இடத்தில்தான் இருக்கிறாய். குறைக்கவேண்டியது எதுவும் இல்லை. இதே இடத்தில் நின்றால் போதும்.

இனிக் காலைச் சாப்பாடு. எங்கள் விடுதியில் வாகரையைச் சேர்ந்த ஒரு பிள்ளை இருந்தாள். படுக்கப்போகுமுன் ஒரு கைப்பிடி பயறை ஊறவைத்துவிடுவாள். காலையில் றைஸ் குக்கரில் போட்டுவிட்டுக் குளிக்கப் போவாள். திரும்பி வரும்போது வெந்திருக்கும். தேங்காய்ப்பூவும் ஒரு வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து கலந்து சாப்பிடுவாள். சில நாள் கௌபி, சில நாள் கடலை. நாங்கள் பத்து மணிக்குப் பசியில் எரிந்து விழுவோம். அவள் ஒரு மணிவரை சிரித்த முகத்தோடு வேலை செய்வாள். அதைக் கண்டு பழகித்தான் நானும் மீண்டேன். உன் வீட்டுக்காரம்மா குக்கர் வைக்க விடமாட்டார் என்றால், முதல்நாளே அவித்த இரண்டு முட்டையும் ஒரு கதலி வாழைப்பழமும் வைத்துக்கொள். ஒரு சுருள் கச்சான் (நிலக்கடலை) கூட அந்தப் பிஸ்கட்டைவிட மேல். பக்கத்தில் காலையில் சிவப்பரிசி இடியப்பம் விற்கும் வீடு ஒன்று எப்படியும் இருக்கும், விசாரித்துப் பார். ஐந்து இடியப்பம், சொதி, சம்பல், கூட ஒரு முட்டை. அதைச் சாப்பிட்டுவிட்டு விரிவுரைக்குப் போ. இரவு எத்தனை மணிக்கு எவ்வளவு பசிக்கிறது என்று ஒரு வாரம் கழித்து எனக்குச் சொல்.

சோற்றுப் பார்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்முடைய பக்கத்தில் பார்சல் கட்டுகிறவர்கள் வயலில் வரம்பு வெட்டுகிறவனின் வயிற்றை மனதில் வைத்துச் சோறு போடுகிறார்கள். விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் உனக்கு அவ்வளவு வேண்டாம். சோறு மலை போல, மீன் ஒரு துண்டு, மரக்கறி விரலால் தொட்டு வைத்த அளவு. இரண்டு பேராக ஒரு பார்சல் எடுத்து, மிச்சப்படும் காசுக்கு மேலதிகமாக ஒரு மீன் துண்டும் இலைச் சுண்டலும் கேட்டு வாங்குங்கள். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, கிடைத்தால் குறிஞ்சா. சின்ன வயதில் குறிஞ்சாவின் கசப்புக்கு நீ ஓடி ஒளிவாய், எனக்கு நினைவிருக்கிறது. இப்போது பழகிக்கொள். கீரி மீன் மலிவு, சத்தும் அதிகம்.

தேநீரை விடச் சொல்லமாட்டேன். மட்டக்களப்பில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. சீனியை மட்டும் எண்ணு. ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் ஏறக்குறைய 50 கிராம். ஒருவர் ஒரு நாளில் எடுக்கக்கூடிய மேல் எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அதுவே. அதிலும் பாதியாகக் குறைத்தால் நல்லது என்கிறது. உன் அப்பம்மா உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துத் தொட்டுக்கொண்டு பிளேன்டீ குடிப்பார். ஒரு கரண்டியே அவருக்கு மிஞ்சும். சோடாப் போத்தலை வாங்கினால் அதிலுள்ள நிற வட்டத்தைப் பார். 2016 இல் அந்த முறை நம் நாட்டில் வந்தபோது, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு என்று வைத்தார்கள். அப்படிப்பட்ட 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் ஒன்பது கரண்டிச் சீனி இருக்கும். வெயிலுக்குக் குடிக்க இளநீர் இருக்கிறது, மோர் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது.

தூக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்ன எல்லாம் வீண். 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்த ஒரு சோதனை 2004 இல் வெளியானது. பத்து மணி நேரம் படுக்கவிட்டபோது இருந்ததோடு ஒப்பிட்டால், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் 28 வீதம் கூடியிருந்தது. போதும் என்று சொல்லும் லெப்டின் 18 வீதம் குறைந்திருந்தது. அவர்கள் மனம் இனிப்பையும் உப்புத் தின்பண்டங்களையும் மாப் பொருள்களையும் நாடியது. ஆகவே பரீட்சை நெருங்கும் இரவுகளில் ஒரு மணிக்கு நூடில்ஸ் தேடும் உன் கையை நீ திட்டாதே. பன்னிரண்டுக்குள் விளக்கை அணை.

நடப்பதைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஊரில் கடற்கரை மணலில் நடந்து வளர்ந்த பிள்ளை. அங்கே பொழுது சாயுமுன் வளாகத்துக்குள்ளேயே இரண்டு மூன்று பேராக அரை மணி நேரம் நடவுங்கள். பிரதான வீதிக்குப் போகவேண்டாம், வாகனங்கள் பறக்கின்றன. கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் காலை ஆறு மணிதான் சரி. மார்கழி மழையில் அறைக்குள் அடைபட்டால் உடம்பு உறைந்துவிடும். துணி துவைப்பது, அறை கூட்டுவது எல்லாம் அப்போது உனக்கு நல்லது.

உன் அம்மா கொடுத்தனுப்பும் பேணியை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். பயற்றம் பணியாரமும் முறுக்கும் ஒரு பேணி நிறைய. தனியாக இருக்கும் இரவுகளில் அதைத் திறந்தால் கை நிற்காது, எனக்குத் தெரியும். அது பசி அல்ல, வீட்டு நினைவு. வந்த அன்றே பேணியைத் திறந்து பக்கத்து அறைகளுக்கெல்லாம் கொடு. ஹற்றன் பிள்ளைக்கு முதலில் கொடு, அவள் வீட்டுக்குப் போய் மூன்று மாதமாகிறது என்றாயே. வீட்டு நினைவு வரும்போது அம்மாவுக்கோ எனக்கோ தொலைபேசி எடு. எத்தனை மணியானாலும் எடு.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஊருக்கு வரும்போது "கொஞ்சம் வைத்திருக்கிறாயே" என்று நாலு பேர் சொல்வார்கள். நம் ஆட்கள் சுகம் விசாரிப்பதே அப்படித்தான், ஆனால் அது 20 வயதுப் பிள்ளையின் மனதை எவ்வளவு குத்தும் என்று அவர்கள் நினைப்பதில்லை. அந்த நாலு பேரையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அவர்கள் வாய்க்காக இணையத்தில் விற்கும் மெலிவுத் தூளையோ மாத்திரையையோ வாங்கிக் குடித்துவிடாதே. உள்ளே என்ன கலந்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. மாதத்துக்கு ஒரு தரம், ஒரே தராசில் நிறை பார், அதற்கு மேல் வேண்டாம். மாதவிலக்கு இரண்டு மாதம் தொடர்ந்து தள்ளிப்போனால் வெட்கப்படாமல் எனக்குச் சொல். நிறை திடீரென்று ஏறினாலும் இறங்கினாலும் சொல்.

வருகிற புதன்கிழமை செங்கலடியில் எனக்கு ஒரு கூட்டம் இருக்கிறது. முடிந்ததும் மூன்று மணியளவில் உன் அறைக்கு வருவேன். ஒரு கிலோ பயறும், ஒரு சட்டி எருமைத் தயிரும், நான் பயிற்சியில் இருந்தபோது வைத்திருந்த சின்ன குக்கரும் கொண்டு வருகிறேன்; வீட்டுக்காரம்மாவிடம் நானே பேசுகிறேன். இன்றைக்கு இரவு சாப்பிட்டுவிட்டுப் படு. அந்தப் பாவாடையைத் துவைத்து மடித்து வை, இடுப்பில் ஓர் அங்குலம் விட்டுத் தைத்துத் தருகிறேன்.

அன்புடன்,
மாமி
ஆரையம்பதி