செல்ஃப் மோட்டார் தயாராகிவிட்டது

சென்னை

அன்பு நண்பா,

இன்ஜினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டாரை டிராக்டரிலிருந்து கழற்றி அனுப்பியிருந்தாயே, பத்திரமாக வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு அம்பத்தூரில் வேலை கிடைத்துவிட்டது.

மோட்டாரைப் புதுப்பேட்டையில் தெரிந்த பட்டறையில் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பிரிக்கச் செய்தேன். அதிகாலையில் முனகி முனகி நின்றுவிடுகிறது என்று புது பேட்டரி வாங்கினாயே, பேட்டரி என்ன செய்யும்? சுழலும் தண்டைத் தாங்கும் பின்பக்கப் புஷ் தேய்ந்து ஓட்டை கோணியிருந்தது. உள்ளே சுழலும் ஆர்மேச்சர் ஒருபுறம் தாழ்ந்து, சுற்றும்போதெல்லாம் காந்தக் கட்டையில் உரசியிருக்கிறது. உரசிய இடம் மட்டும் பளபளவென்று மின்னியது. ஆர்மேச்சருக்குக் கரண்டை வாங்கித் தரும் செம்புப் பட்டை வளையமான கம்யூட்டேட்டரோ கரி படிந்து கறுத்திருந்தது. அப்படி இழுத்துப் பிடிக்கும் மோட்டார் கரண்டைக் குடித்துத் தீர்க்குமே தவிர, டீசல் இன்ஜினைச் சுழற்றாது.

புஷ்ஷும், கம்யூட்டேட்டரில் உரசிக் கரண்டு கொடுக்கும் கார்பனும் ஜி.பி. ரோட்டில் கிடைத்தன. வெண்கலப் புஷ்ஷை எண்ணெயில் ஊறவைத்த பிறகுதான் அடித்தார்கள். கம்யூட்டேட்டரை லேத்தில் லேசாகச் சீவி, செம்புப் பட்டைகளுக்கு இடையே உள்ள, கரண்டு கடத்தாத மைக்காவையும் தாழ்த்திவிட்டார்கள். இதைச் செய்யாமல் விட்டால் புதுக் கார்பனும் சீக்கிரம் பொறி விட்டுத் தேயும். பெரியவர் ஒருவர் பிளேடுத் துண்டால் ஒவ்வொரு இடுக்காகச் சுரண்டினார். அந்தப் பொறுமைக்கே தனியாகக் கூலி கொடுக்கலாம்.

மாட்டுவதற்கு முன் பேட்டரியின் மைனஸிலிருந்து வரும் எர்த் ஒயரைக் கழற்றிவிடு. எர்த் ஒயர் சேசிஸில் பிடிக்கும் இடத்தையும் மோட்டார் உட்காரும் முகத்தையும் இரும்பு தெரியும்வரை தேய். மாட்டி, எர்த் ஒயரையும் திரும்பப் பூட்டிய பிறகு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி டீசலை நிறுத்தும் ஸ்டாப் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல். வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை மோட்டார் உடம்பிலும் வை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில்தான் கோளாறு. பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் இருந்தது சுற்றும்போது பத்துக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சோதி. பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதே, மோட்டார் ஆறட்டும்.

இன்னொன்று. தம்பி கீழே நின்றபடி ஸ்க்ரூடிரைவரால், மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சோலினாய்டின் முனைகளைச் சேர்த்து ஸ்டார்ட் செய்கிறான் என்று பெருமையாக எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. கியரில் இருந்தால் வண்டி அந்த நொடியே பாயும். பெரிய சக்கரத்தின் முன்னால் நிற்பவனுக்கு விலகக்கூட நேரம் இருக்காது. இப்படிப் பல ஊர்களில் உயிர் போயிருக்கிறது. நியூட்ரல் பார்த்து, சீட்டில் உட்கார்ந்துதான் சாவி திருப்ப வேண்டும். சுவிட்ச் கெட்டிருந்தால் சொல், அதையும் வாங்கி அனுப்புகிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனிடம் கண்டிப்பாக இரு.

வெள்ளிக்கிழமை இரவு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற்றிவிடுகிறேன். திண்டிவனத்தில் ஆளை நிறுத்தி வை. கனமான பெட்டி, கண்டக்டர் காத்திருக்க மாட்டார்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்