மண்ணியல் முதுநிலை: 70 கிரெடிட்டில் 30 ஆய்வுக்கே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் வேளாண் முதுநிலைப் படிப்புகள் பற்றி வந்த கட்டுரை, மண்ணியலுக்கு ‘நான்காண்டு வேளாண் பட்டம், நுழைவுத் தேர்வு’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. அது உள்ளே நுழைவதற்கான தகுதி. பட்டத்தோடு வெளியே வர என்ன வேண்டும் என்பது வேறு கணக்கு. மாணவர்கள் திணறுவதும் அங்கேதான்.

சேர்க்கை பற்றி ஒரு வார்த்தை. பி.எஸ்சி. வேதியியல் முடித்தவர்கள் பலர் ‘மண் ஆய்வும் வேதியியல்தானே’ என்று விசாரிக்கிறார்கள். நம் வேளாண் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி. (வேளாண்மை) மண்ணியலுக்குப் பெரும்பாலும் வேளாண்மை சார்ந்த நான்காண்டு இளநிலைப் பட்டம்தான் கேட்கிறார்கள். எந்தெந்தப் பட்டம் செல்லும் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் பார்த்துவிட்டு விண்ணப்பக் கட்டணம் கட்டுவது நல்லது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) நுழைவுத் தேர்வு எழுதுவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று: அங்கே மண்ணியல் தனித் தாள் அல்ல. வேளாண் இயற்பியல், வானிலையியல் ஆகியவற்றோடு ‘பிசிகல் சயின்ஸ்’ தொகுதியில் வரும்.

ஐ.சி.ஏ.ஆர். 2021-ல் வெளியிட்ட பொதுப் பாடத்திட்டத்தின்படி முதுநிலைக்கு மொத்தம் 70 கிரெடிட் (படிப்புச் சுமையை அளக்கும் அலகு). முதன்மைப் பாடம் 20, துணைப் பாடம் 8, புள்ளியியல் போன்ற ஆதரவுப் பாடம் 6, நூலகப் பயன்பாடு, ஆய்வறம் முதலிய பொதுப் பாடம் 5, கருத்தரங்கு 1. மீதி 30 கிரெடிட்டும் ஆய்வேட்டுக்கு. குறைந்தது நான்கு பருவம் படித்தாக வேண்டும். மண் இயற்பியல், மண் வேதியியல், மண் வளம், கனிமவியல், மண் உயிரியல் எல்லாம் நன்றாகப் படித்தால் தேறிவிடலாம். அந்த 30 கிரெடிட் அப்படி அல்ல. மழையும் பயிரும் பருவத் தேர்வு அட்டவணையைப் பார்ப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் விளங்கும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நெடுநாளாக நடந்துவருவது மண் பரிசோதனை–பயிர் விளைச்சல் தொடர்பு ஆய்வு. இதற்கு ஒரு பயிர் போதாது, இரண்டு வேண்டும். முதலில் வயலை மூன்று பட்டைகளாகப் பிரித்து, ஒன்றில் உரமில்லாமலும், அடுத்ததில் ஒரு மடங்கும், மூன்றாவதில் இரு மடங்கும் உரமிட்டுத் தீவனச் சோளமோ மக்காச்சோளமோ போட்டு அறுக்க வேண்டும். இட்ட உரம் மண்ணோடு கலந்து நிலைப்பட்டு, ஒரே வயலில் வள வேறுபாடு உண்டாவது இதனால்தான். பிறகு பட்டைக்கு 24 வீதம் 72 பாத்திகள் பிரித்து, அடுத்த பருவத்தில் ஆய்வுப் பயிர். முதல் பருவத்திலேயே தலைப்பு முடிவாகாவிட்டால் என்ன ஆகும்? நேரமில்லை என்று தீவனச் சோளத்தைப் பாதியில் அறுப்பார்கள். வரப்பு பலமில்லாமல் பாசன நீர் பட்டை விட்டுப் பட்டை பாயும். வள வேறுபாடு உருவாகாது, மண் பரிசோதனை எண்ணுக்கும் விளைச்சலுக்கும் தொடர்பே கிடைக்காது. கடைசியில் கணினியில் சமன்பாடு போட்டுப் பார்த்துத் தலையில் கைவைப்பார்கள். புள்ளியியலால் அதைச் சரிசெய்ய முடியாது.

ஆய்வகச் சுமையையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். 72 பாத்திகளில் விதைப்புக்கு முன் எடுக்கும் மண்ணில் தழை, மணி, சாம்பல் சத்துகள் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) மூன்றும் பார்த்தாலே 216 அளவீடு. தானியத்திலும் தட்டையிலும் அந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் இன்னும் 432. அறுவடைக்குப் பின் எடுக்கும் மண் தனி.

செய்முறைத் தவறுகள் எங்கே வரும் என்பதையும் சொல்ல வேண்டும். மண்ணின் அங்ககக் கரிமம் (மக்கிய பொருளிலுள்ள கார்பன்) பார்க்கும் வாக்லி–பிளாக் முறை எளியது: 1 கிராம் மண், 1 நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட் 10 மி.லி., அடர் கந்தக அமிலம் 20 மி.லி., அரை மணி நேரம் காத்திருப்பு, நீர் சேர்த்தல், தரம்பார்த்தல் (டைட்ரேஷன்). அமிலம் விட்ட பிறகு கரைசல் பச்சையாக மாறிவிட்டால் டைகுரோமேட் தீர்ந்துவிட்டது என்று பொருள். மண்ணைக் குறைத்து மீண்டும் செய்ய வேண்டும். அப்படியே தரம்பார்த்து எழுதும் எண்ணுக்கு மதிப்பில்லை. இரும்பு உரலில் இடித்த மண்ணும், குளோரைடு மிகுந்த உவர் மண்ணும் கரிமத்தைக் கூட்டிக் காட்டும். மணிச்சத்துக்குச் சுண்ணாம்புள்ள கரிசலில் ஓல்சன் முறை, நீலகிரி போன்ற அமில மண்ணுக்கு பிரே முறை. ஓல்சன் கரைசலின் பி.எச். 8.5 இருக்க வேண்டும். திறந்து வைத்தால் நாளாக ஆக ஏறும், அதனால் அவ்வப்போது புதிதாகத் தயாரிப்பதே வழி. துத்தநாகம் பார்க்கிறவர்கள் நாகமுலாம் பூசிய வாளியில் மண் அள்ளினால் வாளியின் துத்தநாகமும் சேர்ந்தே கணக்கில் வரும்.

இடத் தேர்வும் தலைப்பைத் தீர்மானிக்கிறது. களர் மண் (சோடியம் மிகுந்த மண்) சீர்திருத்தம் பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறவருக்குத் திருச்சி நாவலூர் குட்டப்பட்டுக் கல்லூரி நிலமே ஆய்வுக்களம். நீண்டகால உர விளைவுகளில் ஆர்வமுள்ளவருக்குக் கோவையில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை இருக்கிறது, கேழ்வரகு–மக்காச்சோளச் சுழற்சியில் 1972 முதல் நடக்கும் சோதனையும் உண்டு. புதிதாக வயல் அமைக்காமல், பல்லாண்டு உரமிட்ட மண்ணிலிருந்தே மாதிரி எடுக்கலாம். இரண்டாண்டுக்குள் முடிக்க இது பாதுகாப்பான வழி என்பது என் கருத்து. ‘எளிதான தலைப்பு’ என்று யாராவது ஏளனம் செய்தால் பொருட்படுத்த வேண்டாம்.

வேலை வாய்ப்பு பற்றியும் கட்டுரை பொதுப்படையாகவே பேசியது. தமிழ்நாட்டில் வேளாண்மை அலுவலர் பணிக்கு இளநிலைப் பட்டமே போதும். வேளாண் அறிவியல் நிலையங்களில் மண்ணியல் தொழில்நுட்ப வல்லுநர், உதவிப் பேராசிரியர் போன்ற பணிகளுக்குத்தான் முதுநிலை கட்டாயம். அலுவலர் தேர்வுக்குப் படிக்க விடுதியும் நூலகமும் கிடைக்கும் என்ற எண்ணத்தில் சேர்கிறவர்கள், ஆய்வேட்டை எழுதி முடிக்காமலே பணியில் சேர்ந்துவிடுவதும் உண்டு.

கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்வு செய்யும் முன் துறைக்கு நேரில் போய் மூன்று கேள்விகள் கேட்கலாம். துத்தநாகம் போன்ற உலோகச் சத்துகளை அளக்கும் அணு உறிஞ்சு நிறமானி இப்போது இயங்குகிறதா? தழைச்சத்தை அளக்க உதவும் வடிகலன்கள் எத்தனை, எத்தனை மாணவர்கள் பகிர்கிறார்கள்? முதல் பருவத்திலேயே வயல் ஒதுக்குவார்களா? அடுத்த கல்வி இணைப்பில் கட்டண அட்டவணையோடு கிரெடிட் பங்கீட்டையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மண்ணியல் ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்.