பொலிஸில் என்ட்ரி போட்டால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டத்தில் கணவனிடம் அடிபட்ட பெண் ஓடி வந்து நிற்பது பக்கத்துக் காம்பராவில் (லயத்து வீட்டில்), அடுத்து தொழிற்சங்கத் தலைவர் வீட்டில். அங்கே நல்ல மனதோடுதான் சமாதானம் பேசுகிறார்கள். பேசி முடிப்பதற்குள் காயம் ஆறத் தொடங்கி, சாட்சியும் போய்விடுகிறது.

ஆகவே முதலில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தோட்ட மருந்தகத்தில் மருந்து கட்டினால் மட்டும் போதாது. "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாமல், யார், எதனால், எப்போது அடித்தார் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். பின்னால் சட்ட வைத்திய அதிகாரியின் (காயங்களைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் டாக்டரின்) அறிக்கைக்கு அது தேவைப்படும். கழுத்தை நெரித்திருந்தால் வெளியே தடம் இல்லாவிட்டாலும் கட்டாயம் காட்டுங்கள். பல ஆஸ்பத்திரிகளில் 'நட்பு நிலையம்' இருக்கிறது, சிங்களத்தில் மிதுரு பியச என்பார்கள். அங்கே தனியாக உட்கார்ந்து பேசலாம்.

பொலிஸில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்து வையுங்கள். ஆனால் என்ட்ரி (பொலிஸில் பதியும் முறைப்பாடு) மட்டும் கணவன் மறுபடி வாசலுக்கு வருவதைத் தடுக்காது. அதற்கு நீதிவானின் கட்டளை வேண்டும்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவரோ அவருக்காகப் பொலிஸாரோ விண்ணப்பிக்கலாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றமே போதும். மஸ்கெலியாவிலிருந்து பண்டாரவளையில் அம்மா வீட்டுக்கு வந்தவர் அங்கேயே விண்ணப்பம் போடலாம். விசாரணைக்கு முன் தரும் இடைக்காலக் கட்டளை 14 நாள் வரை, விசாரணைக்குப் பின் தரும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். விண்ணப்பம் போட்டவுடன் கணவனைச் சிறையில் அடைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் பின்வாங்குகிறவர்கள் அதிகம், அப்படி நடப்பதில்லை. காம்பரா கணவன் பேரில் இருப்பதால் தான்தான் வெளியேற வேண்டும் என்றும் நினைக்கிறார்கள். சேர்ந்து வாழ்ந்த வீட்டுக்குள் அவர் வரக் கூடாது என்று கட்டளையிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

காரியம் கெடுவது பெரும்பாலும் விசாரணைத் தவணையில். அன்று வேலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போய்விடும். பஸ் காசு வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. அவள் வராவிட்டால் கட்டளை காலாவதியாகிவிடலாம். லயத்தார் (பக்கத்து வரிசை வீட்டுக்காரர்கள்) உண்மையில் கைகொடுக்க வேண்டிய நேரம் இதுதான். ஒருவர் கூடப் போங்கள், ஒருவர் பிள்ளைகளைப் பாருங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நம்பிக்கையான வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929, அவசரத்துக்கு 119. கணவன் போனைப் பார்ப்பவரானால் வேறொருவர் போனிலிருந்து எடுக்க வேண்டும்.

தலைவர்மாரே, தயவுசெய்து இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். அடித்தவர் முன்னால் அவள் வாய் திறக்க மாட்டாள்.

இப்படிக்கு,
சமூகப் பணியாளர்கள் சிலர்,
ஹட்டன்