காஜாங் அன்பருக்கு ஒரு சுங்கை சிப்புட் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பக்கத்தில் காஜாங் அன்பர் ஒருவர், வேலை ஓய்வு பெற்றதும் சின்ன ஊர் எதிலாவது போய் உட்கார்ந்துவிடப் போவதாகவும், மாதம் 1,500 வெள்ளி (ரிங்கிட்) இருந்தால் அங்கே ராஜா மாதிரி வாழலாம் என்றும் எழுதியிருந்தார். படித்ததும் சிரிப்பு வந்தது. கேலியாக இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் இதையே சொல்லிக்கொண்டுதான் பெட்டி கட்டினேன்.

நான் பிறந்தது பேராக்கில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தோட்டத்து லயத்தில். அப்பா பால்மரம் வெட்டினார். 18 வயதில் சுங்கைவே மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன நான், பெட்டாலிங் ஜெயா அடுக்குமாடியில் 34 வருடம் குடியிருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பினேன். இப்போது வயது 58. பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகுகாலமாகிறது, லயமும் இல்லை. பக்கத்துத் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதியில் ஒரு தரை வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் இரண்டு ஞாபகம்தான்: 1948-இல் கம்யூனிஸ்டுகள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுட்டது, 2008 தேர்தலில் ம.இ.கா. கட்சித் தலைவர் சாமிவேலு தோற்றது. மற்றபடி பினாங்குக்குப் போகிற வழியில் ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான்.

அன்பர் போட்ட காசுக் கணக்கு தப்பில்லை. பெட்டாலிங் ஜெயாவில் இரண்டு அறைக்கு 950 வெள்ளி கொடுத்தேன். இங்கே மூன்று அறை, வாசலில் முருங்கை மரத்தோடு 450. மாதக் கடைசியில் கை கடித்தால் சீனர் மளிகைக் கடையில் 555 புத்தகத்தில் எழுதிவிட்டுச் சாமான் எடுத்து வரலாம். இந்தக் காலத்தில் கடன் புத்தகம் வைத்திருக்கிற கடை கோலாலம்பூரில் எங்கே இருக்கிறது?

அம்மா இறந்தது ஒரு விடியற்காலை நான்கு மணிக்கு. நான் அண்ணனுக்குப் போன் போட்டு முடிப்பதற்குள் எதிர்வீட்டுப் பெரியம்மா எங்கள் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டார். ஐந்தரைக்கெல்லாம் வாசலில் பந்தல் கம்பி வந்து இறங்கியது. யார் சொல்லி வந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. மளிகைக் கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, இரண்டு பெட்டித் தண்ணீர் பாட்டில் அனுப்பிவிட்டு, தானே வந்து துக்கத்துக்குக் கொடுக்கிற பண உறையைக் கையில் வைத்தார். அம்மா பேரில் இருந்த கடனைப் பற்றிப் பதினாறாம் நாள் வரை மூச்சு விடவில்லை. அடுக்குமாடியில் என் பக்கத்து வீட்டுக்காரர் இறந்தது, மூன்றாம் நாள் லிஃப்டில் இருவர் பேசிக்கொண்டதில்தான் எனக்குத் தெரிய வந்தது. அதனால் இந்த ஒன்றில் நான் சின்ன ஊர் பக்கம்தான்.

பிள்ளைகளுக்கு இங்கே வேலை இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. என் மகள் கணக்கியல் படித்தவள், ஷா ஆலமில் இருக்கிறாள். அதை நான் நீட்டப் போவதில்லை.

நான் சொல்ல வந்தது கார் சாவியைப் பற்றி. இந்த ஊரின் சுகம் முழுக்க அதில்தான் தொங்குகிறது என்பது எனக்குப் போன வருடம்தான் புரிந்தது. இனிப்பு நீர் நோயால் கண்ணில் கோளாறு என்று சொல்லி ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் ஊரிலும் ஆஸ்பத்திரி உண்டு; ஆனால் கண்ணுக்கு ஈப்போதான். 30 கிலோமீட்டர் போல இருக்கும். அங்கே கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரிந்த பிறகுதான் பார்ப்பார்கள். அப்புறம் நாலைந்து மணி நேரத்துக்கு வெயில் பட்ட இடமெல்லாம் வெள்ளைத் துணி விரித்த மாதிரி இருக்கும். "வண்டி ஓட்டாதீங்க அம்மா, யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க" என்று தாதி தெளிவாகத்தான் சொன்னார். யாரைக் கூட்டி வருவது? வேலை நாளில், காலை எட்டு மணிக்கு, யாருக்கு ஓய்வு? பஸ் பிரதான சாலையோடு சரி. எங்கள் தாமானில் இருந்து அந்தச் சாலைக்கே 20 நிமிடம் நடக்க வேண்டும். ஈடிஎஸ் ரயில் நிற்கிறது, ஆனால் அது கோலாலம்பூர் போகிறவர்களுக்கு ஏற்ற நேரம், ஆஸ்பத்திரி நம்பருக்கு ஏற்ற நேரமில்லை. வாடகைக் கார் பேசினால் போக வர 80 வெள்ளி. நிபுணரைப் பார்க்க அரசாங்கம் வாங்குவதோ 5 வெள்ளி.

முதல் இரண்டு தடவை 80 வெள்ளி கொடுத்தேன். மூன்றாவது தடவை கஞ்சத்தனம் வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பழைய சாகா காரை நானே ஓட்டி வந்தேன். செம்மோர், கந்தான் என்று சிமெண்ட் லோரிகளுக்கு நடுவே சாமியைக் கும்பிட்டுக்கொண்டே வந்து சேர்ந்து, எங்கள் வீட்டு முனையில் திரும்பும்போது முன் சக்கரத்தைக் கால்வாயில் இறக்கிவிட்டேன். செய்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஐந்து நிமிடத்தில் ஆறு பேர் ஓடிவந்து வண்டியைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். பத்தாவது நிமிடம் அந்த ஆறு பேரில் இருவர் பின்பக்கம் போய் வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டிருந்தார்கள், நாலு நம்பர் லாட்டரி எடுக்க. சாயங்காலத்துக்குள் எனக்கு இரண்டு கண்ணும் போய்விட்டதாக ஊர் முழுக்கச் செய்தி. எனக்கு மெக்கானிக் செலவு 380 வெள்ளி. அவர்களுக்கும் நம்பர் விழவில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

கோலாலம்பூரில் 50 வெள்ளிக்கு மாதப் பாஸ் எடுத்தால் ரயிலும் பஸ்ஸும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். கைப்பேசியில் கூப்பிட்டால் தாமானுக்குள்ளேயே வேன் வந்து ஏற்றிக்கொள்கிற சேவையும் அங்கே ஓடுகிறது. வண்டி ஓட்ட முடியாத கிழவிக்கு எது வசதியான ஊர் என்று காஜாங் அன்பர் இந்தக் கோணத்திலும் ஒருதரம் யோசிக்கட்டும். 60 வயதில் வீடு பார்ப்பவர், 75-இல் அங்கே ஸ்டீயரிங் பிடிப்பது யார் என்றும் பார்க்க வேண்டும்.

இதற்கு அரசாங்கம் செய்ய வேண்டியது இருக்கிறது. அந்த வேன் சேவையை எங்கள் மாதிரி ஊர்களுக்கும் கொண்டு வரலாம். ஆனால் எனக்கு எங்கள் ஆட்கள் மேலும் ஒரு கோபம் உண்டு. முன்னாள் அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்க, தொழிலாளி வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்துகொண்டிருந்த காலத்தில், 1960-இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். என் அப்பாவும் சேர்ந்தார். சம்பள நாளில் 10 வெள்ளியைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் திட்டு வாங்குவாராம். அப்படித் திட்டு வாங்கியவர்கள் போட்ட காசில் தோட்டங்களே வாங்கப்பட்டன.

இன்று எங்கள் தாமான் கோயிலில் மண்டபத்துக்குக் குளிர்சாதனம் போட நன்கொடைச் சீட்டு அடித்திருக்கிறார்கள். நானும் 200 வெள்ளி எழுதினேன், மறுக்கவில்லை. அதே கூட்டத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்காக வாரம் இரண்டு நாள் ஈப்போ போய் வர ஒரு பழைய வேன் வாங்கலாமே, அனுமதி எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு தலைவர், "நல்ல யோசனைதான் அக்கா, திருவிழா முடியட்டும்" என்றார். திருவிழா முடிந்து நாலு மாதமாகிறது. என் அடுத்த கண் பரிசோதனை வருகிற 14-ஆம் தேதி.

பின்குறிப்பு: என் பெயரைப் போட வேண்டாம், ஆசிரியர் ஐயா. கோயில் தலைவர் எனக்குத் தம்பி முறை. போடாவிட்டாலும் கால்வாயில் இறங்கிய சாகாவை வைத்துக் காலைப் பசியாறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட் (வ), பேராக்